புவேர்ட்டோ ரிக்கோ: மாநிலத் தகுதி விவாதம்

கரீபியக் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோவை அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாகச் சேர்ப்பதா, வேண்டாமா என்ற விவாதம் நூற்றாண்டைக் கடந்தது. 2020 கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 33 லட்சம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இதைவிடக் குறைவான மக்களே வாழ்கிறார்கள். தீவினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்கப் படைகளில் சேர்ந்து உயிர் கொடுத்தவர்கள். இருந்தும், தீவில் குடியிருக்கும்வரை அதிபர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை, செனட்டில் இடமில்லை. கீழவைக்கு அவர்கள் அனுப்பும் ஒரே பிரதிநிதியும் மசோதாக்கள் மீதான இறுதி வாக்கெடுப்பில் கலந்துகொள்ள முடியாது. அதே குடிமகன் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தால் இத்தனை உரிமையும் கிடைத்துவிடும்.

நான்கு நூற்றாண்டுகள் தீவை ஆண்ட ஸ்பெயின் 1897இல்தான் அதற்குத் தன்னாட்சி வழங்கியது. அந்த ஆட்சி வேரூன்றுவதற்குள், 1898 ஜூலை 25 அன்று அமெரிக்கப் படை குவானிக்கா கடற்கரையில் இறங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி தீவு கைமாறியது. தீவு மக்களின் சம்மதத்தை எந்தத் தரப்பும் கேட்கவில்லை. மாநிலக் கோரிக்கை உடனே எழுந்தது. அதன் தந்தை எனப் போற்றப்படும் ஹோசே செல்சோ பார்போசா, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற கறுப்பின மருத்துவர். அவர் 1899 ஜூலை 4 அன்று தொடங்கிய குடியரசுக் கட்சி, மற்ற மாநிலங்களுக்குச் சமமான இடத்தைத் தீவுக்குக் கேட்டது.

அந்தக் கோரிக்கைக்குப் பெரிய தடையைப் போட்டது உச்ச நீதிமன்றம். சான் ஹுவானிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஆரஞ்சுப் பழங்களுக்குச் சுங்கம் வசூலித்தது சரியா என்பதே 1901ஆம் ஆண்டின் டவுன்ஸ் எதிர் பிட்வெல் வழக்கு. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிபதிகள் சரியென்றனர். அமெரிக்காவுக்குச் சொந்தமான பகுதியாக இருந்தும் அமெரிக்காவின் அங்கமாக இராத நிலம் என்ற வகை இவ்வழக்கிலிருந்து பிறந்தது. புதிய பகுதிகளில் வாழ்வோர் அந்நிய இனத்தார் என்ற எண்ணம் தீர்ப்பிலேயே வெளிப்படையாக உள்ளது. முதன்மைத் தீர்ப்புரையை எழுதிய ஹென்றி பிரவுன், 1896இல் இன ஒதுக்கலுக்குச் சட்ட அங்கீகாரம் தந்த பிளெஸ்ஸி வழக்கின் தீர்ப்பையும் எழுதியவர். பிளெஸ்ஸியை அமெரிக்கா கைவிட்டுவிட்டது. டவுன்ஸ் இன்றும் நிற்கிறது. இது அந்நாட்டு நீதித்துறைக்குப் பெரும் களங்கம். 1917இல் ஜோன்ஸ் சட்டம் குடியுரிமை தந்த பின்பும், ஜூரி விசாரணை உரிமை தீவுக்குப் பொருந்தாது என 1922இல் அதே நீதிமன்றம் கூறியது.

தம் ஆளுநரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை தீவினருக்கு 1948இல்தான் வாய்த்தது. வென்றவர் லூயிஸ் முன்யோஸ் மாரின். இளமையில் விடுதலை கோரிய அவரே, 1952 ஜூலை 25 அன்று நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் வழியாகக் கூட்டரசுடன் இணைந்த தன்னாட்சி என்ற நடுவழியை வகுத்தார். அடுத்த ஆண்டே தன்னாட்சியற்ற பகுதிகளின் பட்டியலிலிருந்து ஐ.நா. தீவை நீக்கிவிட்டது.

1967இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் இந்த நடுவழிக்கு 60 விழுக்காட்டினர் வாக்களித்தனர். மாநிலத் தகுதிக்கு 39 விழுக்காடு. அவ்வாண்டு லூயிஸ் ஃபெரே தொடங்கிய புதிய முற்போக்குக் கட்சி மறு ஆண்டே ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் மாநில ஆதரவு கூடிக்கொண்டே வர, வாக்குச்சீட்டின் வாசகமே போர்க்களமாயிற்று. 1998இல் ‘மேற்கண்ட எதுவுமில்லை’ என்ற விடை 50 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பெற்று வென்றது. 2012இல் மாநிலத் தகுதிக்கு 61 விழுக்காடு கிடைத்தாலும், லட்சக்கணக்கானோர் அந்தக் கேள்வியை நிரப்பாமல் விட்டதால் முடிவு சர்ச்சைக்குள்ளானது. 2017இல் 97 விழுக்காடு ஆதரவு; எதிர்க்கட்சிகள் புறக்கணித்ததால் வாக்களித்தவர்களோ 23 விழுக்காட்டினரே. ஆம், இல்லை என்ற நேரடிக் கேள்விக்கு 2020இல் 52 விழுக்காட்டினர் ஆம் என்றனர்.

எதிர்ப்பாளர்களின் அச்சங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. தீவில் ஈட்டும் வருமானத்துக்குக் கூட்டரசு வருமான வரி பெரும்பாலோருக்கு இல்லை, மாநிலமானால் வரும். ஸ்பானிய மொழியின் இடம் என்னவாகும் என்ற கவலை ஆழமானது, ஏனெனில் பள்ளிகளில் ஆங்கிலத்தைத் திணித்த பழைய ஆட்சியின் நினைவு அழியவில்லை. 1948 முதல் ஒலிம்பிக்கில் தனித்துப் பங்கேற்கும் அணியையும் இழக்க நேரும். 2016இல் ரியோவில் டென்னிஸ் வீராங்கனை மோனிகா புய்க் வென்றதே தீவின் முதல் ஒலிம்பிக் தங்கம்.

ஆனால் அதே 2016இல் நடுவழியின் வலுவின்மை அம்பலமானது. தீவுக்கெனத் தனி இறையாண்மை கிடையாது என ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 7,000 கோடி டாலரைத் தாண்டிய கடனைக் கையாள, தீவினர் தேர்ந்தெடுக்காத மேற்பார்வை வாரியத்தை அமைக்கும் சட்டத்தை அம்மாத இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றியது. மறு ஆண்டு செப்டம்பரில் மரியா புயல் வந்தது. அதிகாரபூர்வக் கணக்கில் 2,975 பேர் மாண்டனர். பல பகுதிகளுக்கு மாதக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. காங்கிரஸில் வாக்கு இருந்திருந்தால் உதவி இன்னும் விரைந்து வந்திருக்கும் என்ற மாநில ஆதரவாளர்களின் வாதத்தை மறுப்பது கடினம்.

புதிய மாநிலத்தைச் சேர்க்கக் காங்கிரஸின் சாதாரணப் பெரும்பான்மையும் அதிபரின் ஒப்புதலும் போதும். 1959இல் அலாஸ்காவும் ஹவாயும் அப்படித்தான் சேர்ந்தன. அவற்றைச் சேர்க்கக் காங்கிரஸுக்கு மனமிருந்தது; புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்க்க இல்லை. மாநிலமானால் இரு செனட்டர்களும் கீழவையில் ஏறத்தாழ நான்கு இடங்களும் கிடைக்கும். அந்த இடங்கள் ஜனநாயகக் கட்சிக்கே போகும் என்ற கணக்கு, ஒருகாலத்தில் மாநிலத் தகுதியை ஆதரித்த அமெரிக்கக் குடியரசுக் கட்சியினரைத் தயங்க வைக்கிறது. தீவின் முடிவு காங்கிரஸைக் கட்டுப்படுத்தும் வகையில் வாக்கெடுப்பு நடத்த வழிசெய்யும் மசோதா, 2022 டிசம்பரில் 233–191 என்ற வாக்குகளில் கீழவையில் நிறைவேறியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. 2024 நவம்பரில் தீவினர் மீண்டும் வாக்களித்தனர். விடைகள் மூன்று: மாநிலத் தகுதி, சுதந்திரம், சுதந்திர நாடாகி அமெரிக்காவுடன் உடன்படிக்கை. நடப்பு நிலை சீட்டிலேயே இடம்பெறவில்லை. மாநிலத் தகுதி பாதிக்கு மேற்பட்ட வாக்குகளுடன் முதலிடம் பெற்றது. அந்த முடிவும் காங்கிரஸைக் கட்டுப்படுத்தாது.