கூம்புக் குழலின் இரு வழிகள்: கத்ரி கோபால்நாத்தும் ஜாஸ் சாக்ஸபோனும்

சாந்தோம் பேராலயத்திலிருந்து கச்சேரி சாலை வழியாக நடந்தால் சிறிது நேரத்தில் கபாலீசுவரர் கோயில் குளக்கரை வந்துவிடும். இந்தப் பக்கம் தேர்பவனிக்குப் பேண்டு வாத்தியம். அந்தப் பக்கம் சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரம். இரண்டுமே தெருவில் நடந்தபடி ஊதும் இசைதான். ஆனாலும் பேண்டு செட்டுக் குழல் மயிலாப்பூர் சபா மேடை ஏற நெடுங்காலம் பிடித்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டுக்காரர்களிடமிருந்து பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றது 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில். அந்த நூற்றாண்டிலேயே கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்குள் வந்து, பின்னர் ஏ.கே.சி. நடராஜன் கையில் தனிக் கச்சேரிக் கருவியாகவும் உயர்ந்தது. அடால்ப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன் மட்டும் பின்தங்கியது.

பின்தங்கியதற்குக் காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. வயலின் தந்தியில் விரல் வழுக்கும். நாகஸ்வரத் துளையை விரல் பாதி மூடும். சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் நடுவே விசையும் மெத்தைமூடியும் நிற்கின்றன. துளை திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பாட வேண்டியவனுக்கு இது பெரிய தடை. ஆனால் அதே கருவியில் ஒரு சாதகமும் ஒளிந்திருந்தது. கிளாரினெட்டின் உட்குழல் நேரானது. அழுத்தி ஊதினால் ஒரு ஸ்தாயியைத் தாண்டி மேல் பஞ்சமத்தில் போய் நிற்கும். சாக்ஸபோன் நாகஸ்வரத்தைப் போலவே கூம்புக் குழல். அழுத்தி ஊதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் பேசும். நாகஸ்வரக்காரரின் விரலும் மூச்சும் அதில் சீக்கிரம் வழி கண்டுகொள்ளும்.

அப்படி வழி கண்டவர் கத்ரி கோபால்நாத். 1949-இல் தென் கன்னட மாவட்டத்து சஜிபமூடாவில் பிறந்தவர். தந்தை தனியப்பா நாகஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர், மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். இந்த இரண்டாவது குருவைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். வாய்ப்பாட்டும் மிருதங்கமும் கைவந்தவர். 1974-இல் ஜார்ஜ் ஹாரிசனின் அமெரிக்கப் பயணத்தில் ரவிசங்கர் குழுவோடு போனவர். இளையராஜாவுக்கும் கர்நாடக சங்கீதம் சொல்லித் தந்தவர். அயல் ஒலியைக் கேட்டு முகம் சுளிக்காத ஆசிரியர் கிடைத்தது கத்ரியின் நல்ல காலம்.

மேடையில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆல்டோ சாக்ஸபோனை மடியோரம் சாய்த்துக்கொள்வார். கமகத்தின் பெரும்பகுதி உதட்டுப் பிடியில் பிறந்தது: ரீடின் மீதான அழுத்தத்தை இளக்கினால் ஸ்வரம் தாழும், இறுக்கினால் ஏறும். கூடவே விசையை ஒரேயடியாக விடாமல் மெல்லத் தூக்குவார். பக்கத்தில் ஏ. கன்யாகுமரியின் வயலின், சில கச்சேரிகளில் தவில். உருப்படிகளோ வர்ணம், கிருதி, ராகம் தானம் பல்லவி என்ற பழைய வரிசைதான். கருவியைத் தவிர வேறெதிலும் அவர் புரட்சிக்காரர் அல்ல. என் கணிப்பில் அவருடைய பலமே அதுதான். அவர் கலந்துகொண்ட கூட்டிசை முயற்சிகளில் பாதி, தனிக் கச்சேரியின் ஓர் ஆலாபனைக்கு ஈடாகாது.

1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டி கத்ரியைக் கேட்டுவிட்டு உடன் வாசித்தார். சார்லஸ் மிங்கஸின் 1959 ஆல்பமான ‘மிங்கஸ் ஆ அம்’-இல் ஊதியவர் ஹேண்டி. அலி அக்பர் கானுடனும் வாசித்தவர். அதே மிங்கஸின் 1963 ஆல்பத்தில் ஆல்டோ வாசித்த சார்லி மரியானோவின் பயணம் எதிர்த்திசையில் அமைந்தது. 1960-களின் பிற்பாதியில் ரேடியோ மலேசியா இசைக்குழுவுக்குப் பயிற்சி அளிக்கப் போன இடத்தில் நாகஸ்வரத்தைக் கேட்டுக் கற்றார். 1970-களின் ஆல்பங்களில் அதை ஊதியும் இருக்கிறார். 1983-இல் பெங்களூரின் ஆர்.ஏ. ரமாமணியோடும் டி.ஏ.எஸ். மணியின் தாளக் குழுவோடும் அவரது ‘ஜோதி’ ஆல்பம் பதிவானது. 1961-லேயே ஜான் கோல்ட்ரேன் ‘இந்தியா’ என்று பெயரிட்டு வாசித்திருந்தார். ஆனால் அது தொலைவிலிருந்து கண்ட கனவு. மரியானோ நாகஸ்வரத்தின் ரீடான சீவாளியை வாயில் வைத்தே பார்த்தவர். நாகஸ்வர வீட்டுப் பிள்ளை சாக்ஸபோனுக்குப் போக, ஜாஸ் சாக்ஸபோன்காரர் நாகஸ்வரத்துக்கு வந்தார்.

1994-இல் கத்ரி லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கின் பி.பி.சி. பிராம்ஸ் விழாவில் வாசித்தார். அதே ஆண்டு பாலசந்தரின் ‘டூயட்’, ஏ.ஆர். ரகுமான் இசையில், அவரது கல்யாணவசந்தத்தைத் தமிழ்நாட்டின் டீக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. சங்கீத ரசிகர்கள் சிலருக்கு அது உறுத்தியிருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்த குடும்பங்களுக்கு சபாக்களில் பெரும்பாலும் தொடக்க நாளின் மங்கள இசையோடு சரி. சாக்ஸபோனோடு வந்த நாகஸ்வரக்காரர் மகனுக்கு மாலை நேர முக்கியக் கச்சேரி கிடைத்தது. ஒலிபெருக்கிக்கு முன் உட்கார்ந்து வாசிக்க ஏற்ற கருவி என்பது ஒரு காரணம். மேல்நாட்டுக் கருவிக்கு இருந்த மதிப்பு இன்னொன்று. கடலோரக் கர்நாடகத்தில் இன்று கோயில் விழாவிலும் கல்யாணத்திலும் சாக்ஸபோன் ஒலிப்பதற்கும் அவர் பெற்ற புகழுக்கும் தொடர்புண்டு.

அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பாவுக்கு அவருடைய அண்ணன் விளையாட்டாகக் கொடுத்தது கத்ரியின் ‘சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்’. பரிசோதனை ஜாஸில் பெயர் பெற்ற பின் மகந்தப்பா கத்ரியையே அழைத்து, 2008-இல் ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தை வெளியிட்டார். கன்யாகுமரியும், மிருதங்கத்தில் பூவாளூர் ஸ்ரீஜியும் அதில் உண்டு. இரண்டு ஆல்டோக்களும் ஒரே இனக் கருவி; ஆனால் மகந்தப்பாவின் ஸ்வரங்கள் கூர்மையாக ஒன்றன்பின் ஒன்றாகத் தெறிக்கின்றன, கத்ரியின் ஸ்வரங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்குகின்றன. பெயர் பார்க்காமலே யார் வாசிக்கிறார் என்று சொல்லிவிடலாம். 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் கத்ரி காலமானார்.