பழைய லாரியும் தகுதிச் சான்றும்

இந்தியச் சாலையில் ஓடும் சரக்கு லாரிக்குத் தேவையான தாள்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று ஆர்.சி. என்னும் பதிவுச் சான்று. மற்றொன்று எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று. சொந்த உபயோகத்துக்கான காரை ஒருமுறை பதிந்துவிட்டால் 15 ஆண்டுகள் கவலையில்லை. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். லாரியின் நிலை வேறு. எஃப்.சி. காலாவதியான நாளிலிருந்து அந்த லாரி முறையாகப் பதிவான வண்டியே அல்ல என்று சட்டம் கொள்கிறது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 38-ஆம் பிரிவில் இதை விதித்தது. 1988-ஆம் ஆண்டின் சட்டம் 56-ஆம் பிரிவில் அதையே தொடர்ந்தது. இந்தியாவில் பழைய லாரிகள் எத்தனை காலம் வாழ்ந்தன, ஏன் அவற்றில் மிகச் சிலவே மிஞ்சின என்ற கேள்விகளுக்கான விடையில் பெரும்பகுதி இந்த ஒரு விதியிலிருந்து தொடங்குகிறது.

தொடக்க காலப் பதிவு

இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் மோட்டார் வண்டிகளுக்கான விதிகளை மாகாணங்கள் தனித்தனியே வகுத்துக்கொண்டன. நாடு முழுமைக்குமான முதல் சட்டம் 1914-இல் வந்தது. வண்டியைப் பதிய வேண்டும், எண் பலகை மாட்ட வேண்டும், ஓட்டுநர் உரிமம் பெற வேண்டும் என்பவை அதன் சாரம். பிரேக், விளக்கு, ஹாரன் போன்றவற்றுக்கான விவரங்களை மாகாண அரசுகளே வகுத்தன. அன்று சாலையில் இருந்தவை பெரும்பாலும் செல்வந்தர்களின் கார்கள். சரக்கை ரயிலும் மாட்டு வண்டியும் சுமந்தன. ஆகவே லாரிக்கென்று தனிக் கவனம் செலுத்த வேண்டிய தேவை எழவில்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. இறக்குமதியான சேசிஸ்களின் மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தால் பாடி கட்டினார்கள். ஒரே வகைச் சேசிஸ் ஓரிடத்தில் பஸ்ஸாகவும் இன்னோரிடத்தில் லாரியாகவும் ஓடியது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கியதும் எண்ணிக்கை மேலும் பெருகியது. ரயிலின் வருமானத்தில் பஸ்களும் லாரிகளும் கை வைப்பதாக ரயில்வே முறையிட்டது. 1932-இல் மிட்செல், கிர்க்னெஸ் என்னும் இரு அதிகாரிகள் இந்தப் போட்டியை ஆராய அமர்த்தப்பட்டார்கள். வாடகைக்கு ஓடும் வண்டிகளைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் அரசு வட்டாரத்தில் வலுப்பட்டது இந்தக் காலத்தில்தான்.

1939-ஆம் ஆண்டுச் சட்டம்

அந்த எண்ணத்தின் விளைவே 1939-ஆம் ஆண்டுச் சட்டம். வாடகைக்கு ஆளை ஏற்றும் வண்டிகளையும் சரக்கு வண்டிகளையும் அது போக்குவரத்து வாகனம் என்று தனியே பிரித்தது. அவற்றுக்குப் பர்மிட் வழங்க வட்டார, மாகாணப் போக்குவரத்து அதிகார அமைப்புகளை ஏற்படுத்தியது. எந்தச் சாலையில், எந்தப் பகுதிக்குள் ஓடலாம் என்பதைப் பர்மிட் தீர்மானித்தது. ஓடும் நிலையில் வண்டி இருக்கிறதா என்பதை எஃப்.சி. தீர்மானித்தது.

இந்த ஏற்பாட்டுக்கு நியாயமான காரணம் இருந்தது. சொந்தக் காரின் பிரேக் பழுதடைந்தால் முதலில் ஆபத்துக்குள்ளாவது அதன் உரிமையாளரே. வாடகை லாரியில் முதலாளி ஒருவர், ஓட்டுநர் இன்னொருவர், பாரம் மூன்றாமவருடையது. லாபத்துக்காகப் பராமரிப்பைத் தள்ளிப்போடும் தூண்டுதல் அங்கே அதிகம். அரசின் கண் அவ்வப்போது அதன்மேல் பட வேண்டும் என்று சட்டம் நினைத்தது சரியே. ஆனால் லாரி என்றால் சம்பாதிக்கும் வண்டி, சம்பாதிப்பதை நிறுத்திய லாரிக்குச் சாலையில் இடமில்லை என்ற கருத்தும் இத்துடன் சட்டத்துக்குள் வேரூன்றிவிட்டது.

ஆர்.சி. சொல்லும் வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. பல லாரிகளும் பஸ்களும் கரியை எரித்து அதில் வரும் வாயுவால் ஓடின. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டு, செவர்லே லாரிகள் ஏலத்துக்கு வந்தன. சிறிய முதல் போட்டு மோட்டார் தொழிலில் இறங்கியவர்கள் பலருக்கு அவையே முதல் வண்டியாயின.

உள்நாட்டு உற்பத்தி அடுத்து வந்தது. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைத் தந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்ஃபோர்டைத் தந்தது. டெல்கோ 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து டாடா-மெர்சிடிஸ் லாரிகளைச் செய்யத் தொடங்கியது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி, எண்ணூரிலிருந்து காமெட் சேசிஸ்களை அனுப்பியது. உள்நாட்டில் உற்பத்தி செய்ய வேண்டும் என்ற அரசின் கொள்கையை ஏற்காத ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் பூட்டும் வேலையை நிறுத்திக்கொண்டது.

இந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் ஆர்.சி. சாட்சியாக நின்றது. அதில் சேசிஸ் எண், இன்ஜின் எண், வெற்று எடை, பாரத்தோடு கூடிய எடை, டயர் அளவு, உரிமையாளரின் பெயர், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆகியவை பதிவாகும். இன்ஜினை மாற்றினாலும் அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 1950-களில் பெட்ரோல் லாரிகளை டீசலுக்கு மாற்றுவது பெரும் போக்காக இருந்தது. சென்னை சிம்சன் நிறுவனம் செய்த பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்கள் அதற்குப் பெரிதும் உதவின. டாட்ஜ் என்று பதிவான வண்டிக்குள் பெர்கின்ஸ் இன்ஜின் ஓடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். ஒரு லாரி கைமாறிய ஊர்களையும், கண்ட மாற்றங்களையும், சுமந்த கடன்களையும் வரிசையாகச் சொல்லும் ஒரே ஆவணம் பெரும்பாலும் ஆர்.சி.தான்.

எஃப்.சி.க்கு நிறுத்துதல்

எஃப்.சி. தேதி நெருங்கினால் லாரி பட்டறைக்குப் போகும். டிங்கர் வேலை, பாடியில் உளுத்த பலகை மாற்றுதல், ஸ்பிரிங் பட்டை பார்த்தல், பிரேக் லைனிங் போடுதல், பெயின்ட் அடித்தல், எழுத்து எழுதுதல் என்று நாள்கணக்கில் வேலை நடக்கும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு போன்ற ஊர்களில் பாடி கட்டும் தொழிலோடு இந்த வேலையும் சேர்ந்து வளர்ந்தது. பிறகு வண்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மைதானத்துக்கு வரும்.

மோட்டார் வாகன ஆய்வாளரைத் தமிழ்நாட்டு லாரிக்காரர்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே சொல்வார்கள். சேசிஸ் எண்ணின்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சை அவர் பதிவோடு ஒப்பிடுவார். பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, முகப்பு விளக்கு, வைப்பர், ஹாரன், டயர், புகை எப்படி என்று பார்த்த பிறகே சான்று கிடைக்கும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கான படிவத்தின் எண் 38. புது லாரிக்கு இரண்டு ஆண்டு, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்று 62-ஆம் விதி காலம் நிர்ணயித்தது. 2018-இல் இது தளர்த்தப்பட்டு, எட்டு ஆண்டு வரையுள்ள வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் என்றானது.

இந்த ஆண்டுச் சோதனை பல உயிர்களைக் காத்திருக்கிறது. கூடவே பழைய லாரிகளின் பூர்வ உருவத்தையும் அழித்திருக்கிறது. எஃப்.சி. வாங்க வேண்டுமென்றால் உளுத்த மரக் கேபினைக் கழற்றிப் புதிது கட்டியாக வேண்டும். கிடைக்காத உதிரிப் பாகத்துக்குப் பதிலாக வேறு வண்டியின் பாகத்தைப் பொருத்தியாக வேண்டும். முப்பது ஆண்டு ஓடிய லாரியில் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது பெரும்பாலும் எண் பொறித்த சேசிஸ் மட்டும்தான்.

வயதுக்கு வந்த வரம்பு

பழைய விதிகளின்படி நல்ல நிலையில் இருக்கும்வரை லாரிக்கு வயது தடையில்லை. வயதை வைத்து ஒதுக்குவது பிறகுதான் படிப்படியாக வந்தது. மாநில எல்லைகளைத் தாண்டி ஓடும் தேசியப் பர்மிட் திட்டம் 1975-இல் தொடங்கியது. 1989-ஆம் ஆண்டு விதிகளின் 88-ஆம் விதி, 12 ஆண்டைத் தாண்டிய லாரிக்கும் 15 ஆண்டைத் தாண்டிய பல அச்சு லாரிக்கும் அந்தப் பர்மிட் இல்லை என்றது. நெடுந்தூரம் ஓடிய வண்டிகள் வயதானதும் மணல், செங்கல், ஜல்லி என்று உள்ளூர் நடைக்கு இறங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

காற்று மாசு அடுத்த காரணமாயிற்று. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 15 ஆண்டைத் தாண்டிய வணிக வாகனங்கள் 1998-இல் தில்லியிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டன. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008-இல் இதைப் போன்ற உத்தரவைப் பிறப்பித்தது. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகளைத் தடுத்தது.

2021-இல் வாகனக் கழிவுக் கொள்கை வந்தது. 15 ஆண்டைத் தாண்டிய கனரக லாரியின் எஃப்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 12,500 ரூபாயாக உயர்ந்தது. மத்திய, மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் சொந்தமான 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆய்வாளரின் கண்ணையும் காதையும் நம்பிய சோதனை, உருளைகளின் மேல் வண்டியை நிறுத்திப் பிரேக்கின் பலத்தை அளக்கும் தானியங்கிச் சோதனை நிலையங்களை நோக்கி நகர்கிறது. காயலான் கடைக்காரர் செய்துவந்த உடைப்பு வேலை, பதிவு பெற்ற நிலையங்களின் கைக்குப் போகிறது.

லாரிக்கு இல்லாத விண்டேஜ் பதிவு

பழமையைக் காக்கும் விதி 2021 ஜூலையில் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றமில்லாமல் பூர்வ நிலையில் இருக்கும் வண்டி விண்டேஜ் மோட்டார் வாகனம் எனப்பட்டது. புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு எடுத்துவரலாம். வாடகைக்கோ அன்றாட உபயோகத்துக்கோ ஓட்டக் கூடாது.

ஆனால் இந்த விதி சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வண்டிகளையும் கார்களையும் மட்டுமே ஏற்றது. சரக்கு வாகனங்களுக்கான வகை அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே 1950-களின் டாடா-மெர்சிடிஸ் லாரியையோ முதல் காமெட்டையோ அக்கறையோடு காப்பாற்றி வைத்திருப்பவருக்கு இரண்டே வழிகள். பாரம் ஏற்றாத வண்டிக்கும் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி எஃப்.சி. வாங்குவது ஒன்று. சாலையை விட்டு விலக்கி அசையாக் காட்சிப் பொருளாக நிறுத்திவிடுவது மற்றொன்று.

பிற நாடுகள் வேறு வழி கண்டிருக்கின்றன. பிரிட்டனில் கனரக லாரிகளுக்கான ஆண்டுச் சோதனை 1968-இல் நடைமுறைக்கு வந்தது. 1960-க்கு முன் சாலைக்கு வந்த லாரிகள் பாரமின்றி ஓடினால் அந்தச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றன. அங்கே பழைய வணிக வண்டிகளுக்கான ஆர்வலர் சங்கம் 1958-லேயே உருவாகியிருந்தது. 1962 முதல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய லாரிகளின் ஊர்வலமும் நடக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 25 ஆண்டைத் தாண்டி, பூர்வ நிலையில் பேணப்படும் வண்டிக்குத் தொன்மைப் பலகை கிடைக்கும். எப்போதாவது ஓட்டலாம் என்ற கட்டுப்பாட்டோடு ஆண்டுச் சோதனையிலிருந்தும் அதற்கு விலக்கு உண்டு. இரண்டு இடங்களிலும் அடிப்படை ஒன்றே: பாரமும் வாடகையும் இல்லாதபோது ஆபத்து குறைகிறது, ஆகவே விதியும் தளரலாம்.

இந்தியாவில் இத்தகைய விலக்கு தருவதற்குமுன் பூர்வ நிலை என்பதை லாரிக்கு ஏற்றபடி வரையறுக்க வேண்டும். தொழிற்சாலை தந்தது பெரும்பாலும் வெறும் சேசிஸ். பாடியும் கேபினும் பட்டறையில் பிறந்தவை. டீசல் இன்ஜினுக்கு மாறியதும், கேபினை மறுபடி கட்டியதும் அந்த லாரியின் வாழ்க்கையில் முறையாக நடந்து, ஆர்.சி.யில் ஏறிய நிகழ்ச்சிகள். காருக்கான அளவுகோலை அப்படியே வைத்தால் எந்த லாரியும் தேறாது. அந்தந்தக் காலத்துப் பட்டறை வேலையையும் பூர்வ நிலையாக ஏற்று, பாரம் ஏற்றக் கூடாது, குறைந்த வேகத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே ஓட்டலாம், பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாக இருப்பதைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சரக்கு வாகனங்களையும் விண்டேஜ் விதிக்குள் சேர்க்கலாம். ஐம்பது ஆண்டைக் கடந்து ஓடும் நிலையில் இருக்கும் லாரிகள் மிகக் குறைவு என்பதால் மாசுக் கட்டுப்பாட்டுக்கு இதனால் ஊறு வராது. சுதந்திரத்துக்குப் பின் நாட்டின் நெல்லையும் சிமென்டையும் துணியையும் சுமந்த வண்டிகளில் சிலவாவது இன்ஜின் ஓசையோடு அடுத்த தலைமுறைக்குக் கிடைக்க, அந்த ஒரு திருத்தம் போதும்.