உணவை மறுக்கும் பிள்ளை: நெல்லைச் சீமையின் ஊட்டத் திட்டங்களும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளும்

தமிழ்நாட்டில் குழந்தைகளின் உணவு குறித்த பொதுக்கொள்கை முழுவதும் ஒரே நம்பிக்கையின்மேல் எழுந்தது: பசித்த பிள்ளைக்குச் சோறு கிடைத்தால் அது உண்ணும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது உண்மை என்பதால்தான் அக்கொள்கை வென்றது. ஆனால் ஆட்டிசம், கவனக்குறைவு–மிகை இயக்கக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.), அறிவுத்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு இது பொருந்துவதில்லை. தட்டில் சோறு இருக்கும், வயிற்றில் பசியும் இருக்கும். ஆனாலும் உண்ண முடியாது. உணவுத் திட்டங்களும் மாற்றுத்திறனாளிகள் நலமும் தனித்தனிப் பாதைகளில் வளர்ந்ததால், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இந்தப் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் சரியாக இடம்பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அவ்விரு பாதைகளும் ஆழப் பதிந்த நிலம் என்பதால், நெல்லைச் சீமையின் வரலாற்றைக் கொண்டு இதைத் தெளிவாகக் காட்டலாம்.

கார், பிசானம் என இருபோகம் விளையும் தாமிரபரணிக் கரையிலும் வயலில் உழைத்தவர் வீட்டுப் பிள்ளைகள் அரைவயிற்றோடு பள்ளிக்குப் போன காலம் உண்டு. காமராசர் ஆட்சியில் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அதை 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989இல் முட்டை சேர்ந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. இவற்றுக்கு இணையாக, 1980இல் உலக வங்கி உதவியுடன் சில மாவட்டங்களில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை தேறாதவர்களுக்குக் கூடுதல் உணவு தந்தது. ஆக, வருகைப் பதிவேடும் தராசுமே இந்த மரபின் அளவுகோல்கள் ஆயின. பசியை எதிர்கொள்ள அவை சிறந்த கருவிகள். பிள்ளை எதை உண்டது, எதை ஒதுக்கியது, ஏன் ஒதுக்கியது என்பதற்கு மட்டும் அவற்றில் இடம் இல்லை.

மற்றொரு பாதை பாளையங்கோட்டையில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், புளோரன்ஸ் சுவெயின்சன் காதுகேளாதோருக்கும் கல்விப்பணி தொடங்கினர். 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் நிறுவிய அமர் சேவா சங்கம், பின்னாளில் வளர்ச்சித் தாமதமுள்ள சிறு குழந்தைகளுக்கு ஊர் ஊராகப் பயிற்சி கொண்டுசெல்லும் அமைப்பாக வளர்ந்தது. கண், காது, கை, கால் என்று தொடங்கிய அக்கறை மனவளர்ச்சிக்கு நகர நெடுங்காலம் ஆனது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைத் தன் வரம்பில் சேர்த்தது; 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலை 21 ஆக்கியது. இந்தப் பாதையில் பயிற்சி, கல்வி, சான்றிதழ், உதவித்தொகை எல்லாம் உண்டு. பிள்ளையின் சாப்பாடு மட்டும் தாயின் பொறுப்பாகவே விடப்பட்டது.

உலக மருத்துவமும் இந்த மறுப்பைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. லியோ கானர் 1943இல் ஆட்டிசத்தை முதன்முதலாக விவரித்த கட்டுரையில் இடம்பெற்ற 11 குழந்தைகளில் ஆறு பேருக்குப் பிறந்தது முதலே உணவூட்டுவது பெரும்பாடாக இருந்தது. ஆட்டிசத்துக்கும் பதின்பருவப் பெண்களிடம் மிகுதியாகக் காணும் அனோரெக்சியா என்ற உண்ணாநோய்க்கும் தொடர்பு இருக்கலாமா என்று சுவீடனின் கிறிஸ்டோபர் கில்பெர்க் 1983இல் கேட்டார். ஆயினும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1994ஆம் ஆண்டு நோய் வகைப்பாட்டுக் கையேடு, குழந்தைப்பருவ உணவூட்டல் கோளாறு என்று சொல்ல எடை குறைவதையோ ஏறாதிருப்பதையோ கட்டாயமாக்கியது. ஆறு வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்புதான் தவிர்ப்பு–கட்டுப்பாட்டு உணவுக் கோளாறு என்ற புதிய வகையைத் தந்தது. உடல் மெலிய வேண்டும் என்ற எண்ணம் இன்றி, வாசனை, பதம், நிறம், தொண்டையில் அடைக்கும் என்ற அச்சம், உணவில் நாட்டமின்மை ஆகியவற்றால் உணவு சுருங்குவதை அது குறிக்கிறது. எடை குறையாவிட்டாலும், சத்துக்குறைவோ அன்றாட வாழ்வில் முடக்கமோ இருந்தால் அது கோளாறே. அதே 2013இல் வில்லியம் ஷார்ப் குழுவினர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உணவுச் சிக்கலுக்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றும், அவர்கள் உண்ணும் உணவில் கால்சியமும் புரதமும் குறைவு என்றும் தெரிந்தது. மாவுப்பண்டமும் நொறுக்குத்தீனியும் மட்டுமே உண்ணும் பிள்ளையின் எடை சரியாகவே இருக்கலாம். தராசு இங்கே வழி தவறவைக்கும்.

நம் நாட்டிலும் 2013 ஒரு திருப்பமாகியிருக்கலாம். அவ்வாண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் பிள்ளைகளிடம் 30 நிலைகளைக் கண்டறியச் சொன்னது. ஆனால் கடும் ஊட்டக்குறைவு சத்துக்குறைபாடுகளின் பட்டியலிலும், ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் வளர்ச்சித் தாமதங்களின் பட்டியலிலும் தனித்தனியே நின்றன. அதே ஆண்டில் தமிழக அரசு மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியத்தில் கலவை சாதத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது மாநிலமெங்கும் பரவியது. தினமும் ஒரே சாம்பார் சாதத்தால் சலித்த பிள்ளைகளுக்கு அது வரம். நாக்கும் மூக்கும் மிகை உணர்வு கொண்ட பிள்ளைக்கோ நாளுக்கொரு மணமும் பதமும் தாங்க முடியாதவை. ஏ.டி.எச்.டி.க்குக் காலையில் மெத்தில்பெனிடேட் மாத்திரை எடுக்கும் பிள்ளைக்கு வேறு வகைத் தொல்லை: மருந்தின் வீரியத்தில் பசி அடங்கிக் கிடப்பது பெரும்பாலும் நண்பகலில்தான், பசி திரும்பும் மாலையில் பள்ளி முடிந்திருக்கும்.

இங்கு எழும் மறுப்புரைகள் அற்பமானவை அல்ல. ‘பசி வந்தால் தானே தின்னும்’ என்பது முதலாவது. சாதாரண அடத்துக்கு அது மருந்தாகலாம். ஆனால் உண்ணும் பண்டங்கள் ஏற்கெனவே நான்கைந்தாகச் சுருங்கிய பிள்ளையைப் பட்டினி போட்டால், சோறு அச்சத்தோடு மேலும் பிணைகிறது. வசதியான நாடுகளிலேயே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வைட்டமின் சி குறைவால் ஸ்கர்வி வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. இரண்டாவது, இது வயிற்றுக் கோளாறுதான் என்பது. சித்த மருத்துவத்தின் பாலவாகட மரபு உண்ணாமையை மாந்தத்தோடு சேர்த்துப் பார்த்தது. மலச்சிக்கல் இப்பிள்ளைகளிடம் மிகுதி என்பதால் வயிற்றை முதலில் சோதிப்பது சரியே. வயிறு சீரான பின்னும் மறுப்பு தொடர்ந்தால் விளக்கம் வேறிடத்தில் இருக்கிறது. மூன்றாவது, ஊட்டக்குறைவு இன்னும் தீராத மண்ணில் இது வசதியுள்ளோர் கவலை என்பது. உண்மை நேர்மாறானது. மறுத்த உணவுக்குப் பதிலாக வேறொன்று வாங்கித்தர ஏழைத் தாயால் முடியாது. பிள்ளை ஏற்கும் ஒரே பிஸ்கட்டும் அவளுக்குச் செலவுதான். அதற்குமேல், செல்லம் கொடுத்துக் கெடுத்தாள் என்ற பழியையும் அவளே சுமக்கிறாள்.

சத்துணவு ஊழியர்மேல் மருத்துவச் சுமையை ஏற்றவேண்டும் என்பது இந்த வாதத்தின் பொருள் அல்ல. அங்கன்வாடியில் எடை எழுதும்போதே ‘எத்தனை வகை உண்கிறது, எதையாவது முற்றாக நிறுத்திவிட்டதா’ என்று கேட்டு எழுதலாம். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களிலும் சிறப்புப் பயிற்றுநரிடமும் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உணவு வரலாறு எடுக்கலாம். சாதத்தையும் குழம்பையும் தனித்தனியே வைக்கவும், முட்டையை மசாலா இல்லாமல் கொடுக்கவும், மாத்திரை உண்ணும் பிள்ளைக்கு உணவு நேரத்தைத் தள்ளிக்கொடுக்கவும் ஒரு சுற்றறிக்கை போதும். எல்லாப் பிள்ளைக்கும் சோறு கிடைக்க வேண்டும் என்ற உறுதியை 1956இலேயே எடுத்த சீமை இது. கிடைத்த சோற்றை உண்ண முடியாத பிள்ளையையும் கணக்கில் கொள்ளும்போதுதான் அந்த உறுதி நிறைவேறும்.