மனநோய்போல் தொடங்கும் மூளையழற்சி

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறி, மூளையின் நரம்பணுக்களையே தாக்குவதால் வருவது தன்னெதிர்ப்பு மூளையழற்சி. இதில் பல வகைகள் உண்டு. தொடக்கத்தில் மனநோய் என்றே பெரும்பாலும் கருதப்பட்டுவிடும் வகை, என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சி. நேற்றுவரை கல்லூரிக்கோ வேலைக்கோ போய்வந்த ஒருவர் சில நாட்களுக்குள் தூக்கமிழந்து, சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ தன்னைக் கண்காணிப்பதாகப் பயந்து, இல்லாத குரல்களுக்குப் பதில் சொல்கிறார். வீட்டார் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். அது இயல்பான முடிவுதான். சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது.

இந்த நோயை அடையாளம் காட்டியவர் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, மனக்குழப்பம், நினைவிழப்பு, மூச்சுத் தளர்ச்சி ஆகியவற்றோடு வந்த நான்கு பெண்களைப் பற்றி 2005இல் அவரது குழு எழுதியது. நால்வருக்கும் சினைப்பையில் டெரடோமா என்னும் கட்டி இருந்தது. 2007இல், நோயாளிகளின் உடலில் உருவாகும் எதிர்பொருள்கள் நரம்பணுக்கள் செய்தி வாங்கப் பயன்படும் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்குகின்றன என்று அக்குழு காட்டியது. அடுத்த ஆண்டு வெளியான 100 நோயாளிகளின் ஆய்வில் 91 பேர் பெண்கள். 77 பேரை முதலில் பார்த்தவர்கள் மனநல மருத்துவர்கள்.

டெரடோமாவுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? இக்கட்டிக்குள் பல், முடி, தோல்போல நரம்புத் திசுவும் வளர்வதுண்டு. அந்த நரம்புத் திசுவிலும் என்எம்டிஏ ஏற்பிகள் இருக்கின்றன. அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்பொருள்கள் மூளையிலுள்ள அதே ஏற்பிகளையும் பற்றிக்கொள்கின்றன. பற்றப்பட்ட ஏற்பிகள் நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டு எண்ணிக்கையில் குறைகின்றன. மயக்க மருந்தான கெட்டமின் தடுப்பதும் இந்த ஏற்பியைத்தான். அதைப் பெற்றவர்களில் சிலருக்குச் சிறிது நேரம் மாயத்தோற்றங்கள் வருவது இதனால்தான். ஏற்பி மறைந்தாலும் நரம்பணு பெரும்பாலும் சாவதில்லை. எதிர்பொருள் குறைந்தால் ஏற்பிகள் திரும்ப வருகின்றன. இந்நோயில் ஆழ்ந்த மயக்கத்துக்குப் போனவர்கள்கூட எழுந்து நடந்து வீடு திரும்புவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

கட்டி எல்லாருக்கும் இருப்பதில்லை. குழந்தைகளிடமும் ஆண்களிடமும் அது அரிது. ஹெர்பிஸ் வைரஸால் மூளைக்காய்ச்சல் வந்து தேறியவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில வாரங்களில் இந்நோய் தொடர்வதுண்டு. பலருக்குத் தூண்டுதல் எதுவென்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. மனிதரை மட்டும் பிடிக்கும் நோயும் அல்ல இது. பெர்லின் விலங்குக் காட்சியகத்தின் புகழ்பெற்ற பனிக்கரடி க்னூட் 2011 மார்ச்சில் பார்வையாளர்கள் கண்முன்னே வலிப்பு வந்து குளத்தில் விழுந்து இறந்தது. அதற்கு இருந்தது இதே நோய் என்று 2015இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

நோய் நகரும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால் அடையாளம் தெரியும். பத்தில் ஏழு பேருக்கு முதலில் சளிக்காய்ச்சல்போல ஏதோ ஒன்று வந்துபோகிறது: காய்ச்சல், தலைவலி, சில சமயம் வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு. இரண்டு வாரத்துக்குள் மனநிலை குலைகிறது. அடுத்த நாட்களிலோ வாரங்களிலோ பேச்சு மாறுகிறது. முதலில் ஓயாத பேச்சு, பிறகு ஒற்றைச் சொற்கள், பிறகு மௌனம். உதடுகள் எதையோ மெல்வதுபோல அசைகின்றன, நாக்கு வெளியே நீண்டு மடங்குகிறது, முகம் கோணுகிறது, கைவிரல்கள் காரணமின்றி நெளிகின்றன. நோயாளி அறிந்து செய்வதல்ல எதுவும். வலிப்பு வரலாம். வைத்த நிலையிலேயே கை அந்தரத்தில் நிற்கும் உறைநிலை வரலாம். கடைசியில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் தாறுமாறாக ஏறி இறங்கி, மூச்சு தளர்ந்து, சுவாசக் கருவி தேவைப்படும் கட்டமும் உண்டு. பழங்காலத்தில் பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் சிலருக்கு இந்நோய் இருந்திருக்கலாம் என்று மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

மருந்து தரும் தடயம் ஒன்று உண்டு. மனநோய் மருந்து கொடுத்ததும் நோயாளி தேறுவதற்குப் பதிலாக உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, நினைவு மங்கினால் அதை வெறும் பக்கவிளைவு என்று தள்ளிவிடக் கூடாது. இந்நோயாளிகளில் பலர் அம்மருந்துகளைத் தாங்குவதில்லை.

நியூயார்க் போஸ்ட் நாளிதழின் செய்தியாளர் சூசன்னா கஹாலனுக்கு 2009இல் இந்நோய் வந்தபோது வயது 24. வீட்டில் மூட்டைப்பூச்சி கடித்துவிட்டது என்ற சந்தேகத்தில் அது தொடங்கியது. பிறகு இடது கை மரத்தது, வலிப்பு வந்தது, தந்தையையே சந்தேகிக்கும் அளவுக்குப் பயம் முற்றியது. அளவுக்கு மீறிக் குடிப்பதுதான் காரணம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். எம்ஆர்ஐ படத்தில் எதுவும் தெரியவில்லை. நரம்பியல் மருத்துவர் சுஹெல் நஜ்ஜார் அவரிடம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். சூசன்னா வட்டம் போட்டு, 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் வலப் பாதியிலேயே நெருக்கி எழுதினார். இடப்பக்கத்தை அவர் மூளை கவனிக்கவே இல்லை; மூளையின் வலப் பாதியில் அழற்சி இருக்கிறது என்று நஜ்ஜார் அதிலிருந்து ஊகித்தார். சோதனைகள் அதை உறுதி செய்தன. சிகிச்சை பெற்று வேலைக்குத் திரும்பிய சூசன்னா 2012இல் ‘பிரெய்ன் ஆன் ஃபயர்’ என்ற நூலை எழுதினார். இதே நோய் இருந்தும் மனச்சிதைவு என்று இரண்டு ஆண்டுகள் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண்ணைப் பற்றியும் அவர் பின்னர் எழுதினார். அந்தப் பெண் முழுமையாகத் தேறவில்லை. இருவருக்கும் நோய் ஒன்று. வேறுபட்டது கண்டுபிடித்த நேரம்.

எம்ஆர்ஐ இயல்பாக இருப்பது இந்நோயில் சகஜம். அதை வைத்து ‘மூளையில் ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டுவதுதான் பெரிய பிழை. மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஇஜி பெரும்பாலோருக்கு மாறியிருக்கும். தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் கூடியிருப்பதும் வழக்கம். இவை அரிய சோதனைகள் அல்ல. பெரிய மருத்துவமனைகளில் செய்யக்கூடியவை. நோயை உறுதிசெய்வது எதிர்பொருள் சோதனை. அதற்கு ரத்தம் மட்டும் போதாது. 2014இல் வெளியான, 250 நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வில் தண்டுவட நீரில் எல்லாருக்கும் எதிர்பொருள் தென்பட்டது. ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்குத் தென்படவில்லை. எதிர்பொருள் முடிவு வரும்வரை காத்திருக்காமல், அறிகுறிகளையும் ஈஇஜியையும் தண்டுவட நீரையும் வைத்தே சிகிச்சையைத் தொடங்க 2016இல் வல்லுநர் குழு வகுத்த வரையறைகள் வழி செய்கின்றன.

முதல் சிகிச்சை ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் ஆகியவை. கட்டி இருந்தால் அதை அகற்றியாக வேண்டும். பலன் இல்லையென்றால் ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய மருந்துகள். 577 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவுவரை கவனிக்கப்பட்டவர்களில் 81 சதவீதத்தினர் நல்ல நிலையில் இருந்தனர். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். தேறுவது மெதுவாகவே நடக்கும், மாதக்கணக்கில். நினைவாற்றலும் நிதானமும் கடைசியில்தான் திரும்பும்.

வயது கூடியவர்களிடம் தன்னெதிர்ப்பு மூளையழற்சியின் வேறொரு வகை வரும். எல்ஜிஐ1 என்னும் புரதத்தைத் தாக்கும் எதிர்பொருளால் வரும் அந்த அழற்சியில் ஒரே பக்கத்து முகமும் கையும் நொடிப்பொழுது வெட்டி இழுக்கும், ஒரு நாளில் பலமுறை. ரத்தத்தில் சோடியம் குறையும், மறதி பெருகும்.

முதன்முறை மனநோய் வரும் எல்லாருக்கும் இந்த அழற்சி இருப்பதில்லை. பெரும்பாலோருக்கு இருப்பது மனநோய்தான், அதற்கான சிகிச்சையே அவர்களுக்கு வேண்டும். ஆகவே மருந்தை வீட்டாரே நிறுத்துவது ஆபத்து. ஆனால் நோய் சில வாரங்களுக்குள் மின்னல் வேகத்தில் வளர்ந்திருந்தால், முன்னால் காய்ச்சல் வந்திருந்தால், வலிப்போ வாய் அசைவுகளோ பேச்சிழப்போ சேர்ந்திருந்தால், தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். விசித்திரமான அசைவுகளைக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஈஇஜியும் தண்டுவட நீர்ச் சோதனையும் தேவையா என்று தயங்காமல் கேளுங்கள்.