முன்னெழுத்துக்குள் ஓர் ஊர்

வேளச்சேரியில் குடியிருப்பவர் எவரும் தம் பெயருக்கு முன்னால் 'வேளச்சேரி' என்று போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆனால் மயிலாப்பூர் சபாக்களின் பழைய அழைப்பிதழ்களில் ஊர் இல்லாத பெயர்தான் குறைவு. செம்மங்குடி, அரியக்குடி, முசிறி, உமையாள்புரம், லால்குடி என்று எல்லாமே வெளியூர். பெயருக்கு முன்னால் ஊர் ஏன் வந்தது என்ற என் தேடலுக்குக் கிடைத்த முதல் தடயம் இதுதான்: ஊரை விட்டு வந்தவருக்கே ஊர்ப்பெயர் ஒட்டுகிறது.

இத்தாலியிலும் இதே வழக்கம் உண்டு. லொம்பார்திக்குள் எல்லோருமே லொம்பார்திக்காரர்கள்தான். அங்கிருந்து கிளம்பி வேறு சீமையில் குடியேறியவனைத்தான் 'லொம்பார்தி' என்று அழைத்தார்கள். ஜெனோவாவிலிருந்து வந்தவன் 'ஜெனோவேசே' ஆனான். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் தேவாலயங்கள் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் கட்டளையிட்டது. அதன்பின் இந்த அடைமொழிகள் பரம்பரைப் பெயர்களாக இறுகின. நம்மிடம் அப்படி ஒரு பதிவேடு இல்லை. ஆனால் கல் இருந்தது.

வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இந்த ஊர் புலியூர்க் கோட்டத்து வெளிச்சேரி. அதே கோட்டத்தைச் சேர்ந்தது குன்றத்தூர். 'குன்றத்தூர்ச் சேக்கிழான்' என்று தொடங்கும் பெயரைச் சோழ நாட்டுக் கல்வெட்டிலேயே காணலாம். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுய் மூவரும் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்களின் தொகுதியைப் புரட்டினால், இன்ன ஊர் உடையான், இன்ன ஊர் கிழான் என்று பக்கம் பக்கமாக வருகிறது. இங்கே என் முதல் தடயம் போதவில்லை. உடையான் என்பவன் ஊரை விட்டு வந்தவன் அல்லன், அந்த ஊரில் நிலம் உடையவன். சங்கப் புலவர்களான கோவூர் கிழாரும் அரிசில் கிழாரும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆக, ஊர்ப்பெயர் தமிழில் முதலில் உரிமையைச் சொன்னது. பிரிவைச் சொல்லத் தொடங்கியது பிறகுதான்.

அந்த மாற்றத்தைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் முகப்பில் ஊர் முழுதாக அச்சாகியிருக்கும். சென்னையில் அச்சுக்கூடம் நடத்திய ஆறுமுக நாவலர் 'யாழ்ப்பாணத்து நல்லூர்' என்பதை விடவில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் வாழ்ந்தபோதும் 'திரிசிரபுரம்' கூடவே வந்தது. அவருடைய மாணவர் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர். இன்று பெசன்ட் நகரில் அவர் பெயரில் இயங்கும் நூல்நிலையத்தின் பலகையில் அந்த ஊர் 'உ.' என்ற ஒற்றை எழுத்தாக நிற்கிறது. முழு ஊர் ஓரெழுத்தாகச் சுருங்க ஒரு தலைமுறை போதுமாக இருந்திருக்கிறது.

சுருங்கியபோது எழுத்தும் சில வேளை திசை மாறியது. ஈரோடு வெங்கடப்ப ராமசாமிக்கு 'ஈ.' நேராகவே வந்தது. காஞ்சிபுரத்து நடராசன் மகன் அண்ணாதுரைக்கோ 'கா.'வை விட 'சி.'யே அதிகம் வழங்கியது. கான்ஜீவரம் என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலின் முதலெழுத்து அது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அது நடந்தே ஆகவேண்டிய காரியம். பட்டம் உதிர்ந்த பெயர்களுக்குத் தந்தையின் முதலெழுத்து போதும் என்றாயிற்று. ஊரின் எழுத்து அதன்பின் மெல்ல நழுவியது என்றே நினைக்கிறேன்.

தெலுங்குக் குடும்பங்களின் நிலை வேறு. அவர்களுடைய இன்டி பேரு, அதாவது குடும்பப் பெயர், பெரும்பாலும் முழுதாகவே நின்றது. ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தது திருத்தணியில், கடைசிக் காலத்தில் வாழ்ந்தது மயிலாப்பூரில். ஆனால் 'சர்வேபள்ளி' நெல்லூர் மாவட்டத்துக் கிராமத்தை இன்றும் சுட்டுகிறது. முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று யாரும் தேடி அலைய வேண்டியதில்லை.

சர் சி.பி. ராமசாமி ஐயர் விஷயத்தில் அலைய வேண்டியிருந்தது. 'சி.' என்பது சேத்துப்பட்டு. சென்னைவாசிகள் அதைக் கூவம் கரையிலுள்ள சேத்துப்பட்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். எல்டாம்ஸ் சாலையிலிருந்த அவர் வீடும் இதே நகரில்தான். ஆனால் அவர் 1879இல் பிறந்தது வந்தவாசியில். வந்தவாசியிலிருந்து போளூர் போகும் சாலையிலேயே இன்னொரு சேத்துப்பட்டு இருக்கிறது, கர்நாடகப் போர்களில் அடிபட்ட கோட்டை ஊர். பிறந்த ஊரையும் பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பழைய வட ஆற்காட்டுச் சேத்துப்பட்டே அவர் பெயரில் இருக்கிறது என்பது என் முடிவு.

ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ள நாட்டில் ஓரெழுத்து யாரையும் எங்கேயும் கொண்டு போய் விடும். ஊர் தாலுகாவோடு எழுதப்பட்டிருக்கும் இடம் பழைய கிரயப் பத்திரம். இரண்டு இனிஷியல் உள்ள தாத்தாவின் பத்திரம் வீட்டுப் பெட்டியில் இருந்தால், விற்றவர் வாங்கியவர் விவரம் உள்ள முதல் பக்கத்தை முதலில் படியெடுத்து வையுங்கள்.