பசிப்பிணி தீர்த்த பொறியாளர்

இரக்கப்படும் உள்ளங்கள் உலகில் பல உண்டு. அந்த இரக்கத்தைக் கணக்கோடும் ஒழுங்கோடும் செயலாக்கத் தெரிந்தவர்கள் ஒரு சிலரே. அவர்களுள் ஒருவர் ஹெர்பர்ட் ஹூவர்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், வெஸ்ட் பிராஞ்ச் என்னும் சிற்றூரில், 1874 ஆகஸ்டு 10ஆம் நாள் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். ஆறு வயதில் தந்தையையும் ஒன்பது வயதில் தாயையும் இழந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்தார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயின்று 1895இல் பட்டம் பெற்றார். 1899 பிப்ரவரி 10ஆம் நாள், தம்முடன் அதே கலையைப் பயின்ற லூ ஹென்றியை மணந்தார். குவேக்கர் சபையைச் சேர்ந்த ஹூவருக்குத் திருமணம் நடத்தி வைத்தவர் கத்தோலிக்கக் குருவான ராமோன் மெஸ்ட்ரெஸ் அடிகளார் என்பது நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கும். மறுநாளே தம்பதியர் சீனாவுக்குக் கப்பலேறினர்.

ஆஸ்திரேலியா, சீனா, பர்மா ஆகிய நாடுகளின் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டுப் பெரும் செல்வரான ஹூவர், 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது லண்டனில் இருந்தார். ஜெர்மனி பெல்ஜியத்தைக் கைப்பற்றியது. பிரிட்டிஷ் கடற்படையோ கடல்வழியை அடைத்தது. உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த அந்நாட்டு மக்கள் பட்டினியின் வாயிலில் நின்றார்கள். ஹூவர் தம் தொழிலை ஒதுக்கிவிட்டு நிவாரண ஆணையத்தின் தலைமையை ஏற்றார். ஊதியம் ஏதும் பெறவில்லை. போரிடும் இரு தரப்பாரையும் இணங்கச் செய்து, தனிக்கொடி தாங்கிய கப்பல்களில் உணவு அனுப்பினார். பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் 90 லட்சத்துக்கு மேற்பட்டோர் உணவு பெற்றனர். மாவு வந்த கோணிகளில் பெல்ஜியப் பெண்களும் கன்னியர் மடத்தாரும் பூவேலை செய்து, நன்றிக் காணிக்கையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

1921இல் ரஷ்யாவில் கொடும் பஞ்சம் வந்தது. பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்தவர் ஹூவர். ஆயினும் பசித்தவனிடம் அவர் கட்சி கேட்கவில்லை. 1922இல் நாள்தோறும் ஒரு கோடிப் பேருக்கு மேல் அங்கு உணவளித்தது அவர் தலைமையிலான அமைப்பு.

இத்தகையவர் 1929இல் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டே பொருளாதாரப் பெருவீழ்ச்சி தொடங்கியது. ஏழைகளுக்கு மத்திய அரசு நேரடியாக உதவித்தொகை தருவதை அவர் ஏற்கவில்லை. ஊர் அமைப்புகளும் தன்னார்வ நிறுவனங்களுமே உதவவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் துன்பம் அவற்றின் சக்தியை மீறியது. வீடிழந்தோரின் குடிசைப் பகுதிகளுக்கு மக்கள் 'ஹூவர்வில்' என்றே பெயரிட்டனர். 1932 தேர்தலில் அவர் பெருந்தோல்வி கண்டார்.

அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1946இல், 71ஆம் வயதில், அதிபர் ட்ரூமனின் வேண்டுகோளை ஏற்று, உலக உணவுநிலையை ஆராய இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். 1947இல் ஜெர்மனியின் பள்ளிக் குழந்தைகளுக்கு உணவு கிடைக்க வழிசெய்தார். 1964 அக்டோபர் 20ஆம் நாள், 90ஆம் வயதில் மறைந்தார்.

அயல்நாட்டார் பசி தீர்த்தவர், தம் நாட்டார் பசியின்போது பழி சுமந்தார். தொண்டு செய்வோர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது இதுவே: திறமையும் தியாகமும் மட்டும் போதா, துன்பத்தின் அளவு பெருகும்போது உதவும் வழியையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.