எவர்சில்வருக்கும் துரு பிடிக்கும்: ஒரு சாயப்பட்டறைக் கதை

எவர்சில்வர் துருப்பிடிக்காதுன்னு நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன், வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஆபரேஷன் கத்தரிக்கோல்ல குண்டூசி முனை அளவு பழுப்புப் புள்ளிகளைப் பார்க்கிற வரைக்கும். 121 டிகிரி ஆட்டோகிளேவ் நீராவிதான் காரணம்னு முடிவு பண்ணிட்டேன். தியேட்டர் சிஸ்டர் சிரிச்சாங்க. "ஆவி என்ன சார் பண்ணுச்சு? சலைன்ல ஊறப் போட்டுட்டு, கழுவாம உள்ள வெச்சிருக்காங்க."

இதைப் புரிஞ்சுக்க 1913க்குப் போகணும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, சீக்கிரம் தேயாத துப்பாக்கிக் குழலுக்காக எஃகில் 12.8% குரோமியம் கலந்து பார்த்தார். அந்தக் குரோமியம் ஆக்சிஜனோட சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கும். கீறல் விழுந்தா தானே ஆறிடும் (டாக்டருக்கு இதைவிட என்ன வேணும்!). ஆட்டோகிளேவில் வர்ற சுத்தமான நீராவி அந்தத் தோலைப் பெரிசா ஒண்ணும் செய்யாது. உப்பில் இருக்கிற குளோரைடு ஒட்டியிருந்து சூடும் சேர்ந்தா, அங்கங்கே ஓட்டை போட்டுடும். நம்ம கத்தரிக்கோல் இன்னிக்கும் ஏறக்குறைய பிரியர்லியோட அதே 13% வகைதான்.

இப்போ திருப்பூர். பருத்திப் பனியன் துணியில சாயம் ஏற உப்பு வேணும். அடர்த்தியான நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலயும் போடுவாங்க; கடல் தண்ணியில இருக்கிறதே 35 கிராம்தான். அந்தத் தண்ணி வருஷக்கணக்கா நொய்யல்ல போச்சு. பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாச்சு. விவசாயிகள் வழக்கு நடத்தினாங்க. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகாதுன்னு காட்டினாத்தான் திறக்கலாம்.

அப்புறம் வந்ததுதான் இந்தச் செலவெல்லாம். ஆர்.ஓ.வில் பிரிச்சது போக மிஞ்சற உப்புக் கரைசலை நீராவியால காய்ச்சி, உப்பை உப்பாவே எடுக்கணும். அதாவது சிஸ்டர் சொன்ன அதே உப்பு, அதே சூடு, ராத்திரி பகலா. வீட்டுப் பாத்திர எஃகு இதுக்குத் தாங்காது. மாலிப்டினம் சேர்த்த 316 இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனா சூட்டோட இழுவிசையும் சேர்ந்தா, வெளிய பளபளன்னு இருக்கும்போதே உள்ளுக்குள்ள விரிசல் ஓடும். அதனால மோசமான இடங்களுக்கு டூப்ளெக்ஸ் எஃகு, டைட்டானியம்னு போகணும். சின்ன பட்டறைக்காரருக்கு அந்த விலை சும்மா இல்ல. ஆனா 2011க்கு முன்னாடி அந்தச் செலவை நொய்யல் கரை விவசாயி கட்டிட்டு இருந்தார்.

எலும்பு முறிவுக்கு நாங்க வைக்கிற டைட்டானியம் பிளேட்டும் இதே கணக்குதான். நம்ம உடம்புக்குள்ள ஓடுறதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணிதானே!

எங்க தியேட்டர்ல கத்தரிக்கோலை இப்போ சலைன்ல போடுறதில்ல. சிஸ்டர் பார்த்தா திட்டுவாங்க.